ஆபீஸ் மேசைக்கு டேபிள் லேம்ப் வாங்கப் போகிறீர்களா?

ஆடிட்டர் ஆபீஸ், வங்கி, பத்திரப்பதிவு என்று நாள் முழுக்கக் காகிதத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் என் கிளினிக்கில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: சாயங்காலம் ஆனால் கண் எரிகிறது, நெற்றி வலிக்கிறது, பவர் ஏறிவிட்டதா டாக்டர்? பல பேருக்குப் பவர் அப்படியேதான் இருக்கும். உங்கள் சீட்டுக்கு வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்: முதுகுக்குப் பின்னால் டியூப்லைட், தலையின் நிழல் நேராக ஃபைல் மேலே.

இதற்கு நல்ல டேபிள் லேம்ப் ஒன்று போதும். ஆனால் கடைக்குப் போனதும் எத்தனை வாட் என்றுதான் கேட்கிறோம். வாட் என்பது கரண்ட் செலவு. நமக்கு வேண்டியது காகிதத்தின் மேல் விழும் வெளிச்சம். அதை லக்ஸில் அளப்பார்கள், ஆபீஸில் படிக்க எழுத சுமார் 500 லக்ஸ் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. விளக்கை இரண்டு மடங்கு தூரத்துக்குத் தள்ளினால் வெளிச்சம் ஏறக்குறைய கால் பங்காகக் குறைந்துவிடும், அதனால் கழுத்தை வளைத்துக் கிட்டே கொண்டுவர முடிகிற லேம்பாகப் பாருங்கள்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் அவசியம். வயது ஏற ஏற கண்மணி சுருங்கி, லென்ஸும் மஞ்சளாகிவிடுவதால், 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதுக்காரருக்குப் போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். பக்கத்து சீட் சீனியர் லைட் பத்தவில்லை என்றால் தயவுசெய்து சலித்துக்கொள்ளாதீர்கள்.

நான் அதிகம் வற்புறுத்துவது கண் கூச்சத்தைப் பற்றி. நிமிர்ந்து உட்கார்ந்தால் பல்ப் கண்ணில் படவே கூடாது, ஷேடின் கீழ் விளிம்பு கண் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். எல்இடி புள்ளிகள் பளிச்சென்று தெரிகிற மாடலை விட்டுவிட்டு, பால் நிற மூடி போட்டதை எடுங்கள். வலது கையால் எழுதுகிறவர்கள் இடப்பக்கம் வையுங்கள், கை நிழல் எழுத்தின் மேல் விழாது. கம்ப்யூட்டர் இருந்தால் ஒருமுறை மானிட்டரை அணைத்துவிட்டுக் கறுப்புத் திரையைப் பாருங்கள். விளக்கு அதில் தெரிந்தால் இடத்தை மாற்றியாக வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு லேம்பை மட்டும் போட்டுக்கொள்வதும் வேண்டாம், இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் மாறி மாறிப் பார்த்தே கண் அலுத்துவிடும்.

அப்புறம் வெளிச்சத்தின் நிறம், அதைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 6500 கெல்வின் நீல வெள்ளை. ஆபீசுக்கு நீலம் குறைந்த 4000 கெல்வின் இதமாக இருக்கும். பொருள்களின் நிறத்தை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 80க்குக் குறையக் கூடாது. திருப்பூரில் துணி ஷேடு பார்க்கிற வேலை என்றால் 90க்கு மேல் கேளுங்கள். மலிவான சில எல்இடிகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும், கண்ணுக்குத் தெரியாது, சிலருக்குத் தலைவலியாக வரும். கடையிலேயே போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள், பட்டை பட்டையாக ஓடினால் வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் தலைவலி நிற்கவில்லையா, 40 தாண்டியவராக இருந்தால் கிட்டத்து எழுத்து மங்கும் வெள்ளெழுத்தாக இருக்கலாம், பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஆனால் விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, கண் சிவந்து கடுமையாக வலித்தால், அது கண் அழுத்த நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.