சி.ஏ. 19-9 கூடியிருக்கிறது, எனக்குப் புற்றுநோயா டாக்டர்?

வயிற்று வலி இல்லை, எடை குறையவில்லை. முழு உடல் பரிசோதனை ரிப்போர்ட்டில் மட்டும், சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பொருளின் அளவு 52 என்று வந்திருக்கிறது, எல்லை 37. இரண்டு நாள் தூக்கம் போயே போச்சு என்கிறார் வந்தவர். ஒருவர் இருவர் என்றால் பரவாயில்லை, இப்படி வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

தயவுசெய்து கேளுங்கள்: அது கணையப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் இல்லை. நோய் உறுதியானவருக்குச் சிகிச்சை பலிக்கிறதா, அறுவைக்குப் பிறகு நோய் திரும்புகிறதா என்று பார்க்கத்தான் அது. பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் ஏறும், கணைய அழற்சியிலும் ஏறும். காமாலையில் ஆயிரத்தைத் தாண்டிய அளவு, அடைப்பு நீங்கியதும் சரசரவென்று இறங்குவதுண்டு. காமாலையைக் காட்டும் பிலிருபின் அளவைப் பார்க்காமல் இந்த எண்ணைப் படிக்கவே கூடாது. (சாம்பிளில் எச்சில் துளி பட்டாலே அளவு ஏறிவிடும், லேப் நண்பர்கள் கவனிக்க.)

மறுபக்கம் இன்னும் மோசம். நூற்றில் 5 முதல் 10 பேரின் உடல், லூயிஸ் நெகட்டிவ் என்ற ரத்த வகை காரணமாக, இந்தப் பொருளை உருவாக்குவதே இல்லை. கணையத்தில் கட்டி வளர்ந்தாலும் ரிப்போர்ட் 'நார்மல்'.

இப்போது கணக்கு. கணையப் புற்றுநோய் அதிகமுள்ள நாடுகளிலேயே ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் புதிதாக வருகிறது. நோயில்லாத நூறு பேரில் 99 பேரைச் சரியாக 'இல்லை' என்று சொல்லும் அருமையான டெஸ்ட் இருந்தாலும், ஒரு லட்சத்தில் ஆயிரம் பேரை வீணாகப் பயமுறுத்தும். அவர்களுக்கு சி.டி. ஸ்கேன், எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் (வாய்வழியே குழாய் விட்டு எடுக்கும் ஸ்கேன்), ஊசி பயாப்சி. அந்த ஊசியே கணைய அழற்சியைக் கொண்டுவரலாம். அறிகுறியில்லாத பொதுமக்களுக்குக் கணையப் புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2019-ல் மறுபடியும் சொன்னது இதனால்தான்.

'புதிய புரதம் கண்டுபிடிப்பு' செய்திகளையும் நிதானமாகப் படியுங்கள். த்ராம்போஸ்பாண்டின்-2, டிம்ப்-1 போன்ற ரத்தப் புரதங்களை சி.ஏ. 19-9-உடன் சேர்த்துப் பார்ப்பது நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் டிம்ப்-1 தட்டணுக்களிலும் இருக்கிறது. ரத்தம் உறையும்போது வெளியே வந்துவிடும். நோயாளிகளிடம் சீரமும் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) மற்றவர்களிடம் பிளாஸ்மாவும் (உறையவிடாமல் பிரித்த நீர்) எடுத்திருந்தால், தெரிகிற வித்தியாசம் புற்றுநோயுடையது அல்ல, டியூபுடையது. ஒப்பீட்டுக் குழுவில் ஆரோக்கியமான இளைஞர்கள் மட்டுமா, நாள்பட்ட கணைய அழற்சியும் காமாலையும் உள்ளவர்களும் இருந்தார்களா? நோய் தெரியும் முன்பே சேமித்த ரத்தத்தில் சோதித்தார்களா? இல்லையென்றால் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

யாருக்குக் கண்காணிப்பு தேவை? பெற்றோர், உடன்பிறந்தோரில் இருவருக்குக் கணையப் புற்றுநோய் வந்திருந்தால், அல்லது சி.டி.கே.என்.2ஏ போன்ற மரபணு மாற்றம் இருந்தால், நிபுணரிடம் எம்.ஆர்.ஐ. அல்லது எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் பற்றிப் பேசுங்கள். ஐம்பதைத் தாண்டி திடீரென்று சர்க்கரை வந்து எடையும் இறங்கினால், வலியில்லாமல் காமாலை வந்தால், மேல்வயிற்று வலி முதுகுக்கு ஊடுருவினால், மலம் வெளுத்து எண்ணெய்ப் பசையுடன் போனால், ரத்தப் பேக்கேஜ் தேடாதீர்கள். நேரே இரைப்பை குடல் மருத்துவரிடம் போங்கள், இந்த வாரமே.