வெட்டிவேர்: கப்பலேறிப் போய் 'வெட்டிவர்' ஆன சொல்

அண்ணன் மகள் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற பழுப்புக் கண்ணாடிக் குப்பி, 10 மில்லி. மேலே 'வெட்டிவர் எசென்ஷியல் ஆயில்' என்று ஒட்டியிருந்தது. கூடவே ஒரு கேள்வி: "சித்தப்பா, வெட்டிவர்னா தமிழ்ல என்ன?"

"மூடியைத் திறந்து மோந்து பாரு, அப்புறம் சொல்றேன்" என்று எழுதினேன்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. "ஆச்சி வீட்டுப் பானைத் தண்ணி!"

அவ்வளவுதான் விஷயம். வெட்டிவருக்குத் தமிழ்ச்சொல் தேடவே வேண்டாம். அது வெட்டிவேர். பிரெஞ்சுக்காரர்கள் நம்மிடம் கேட்டு எழுதிக்கொண்டு போன பெயர், ஆங்கிலம் வழியாகச் சுற்றி, கடைசி எழுத்தில் நெடில் தேய்ந்து, குப்பியில் அடைபட்டு நம்மிடமே விலைக்கு வந்திருக்கிறது.

பெயரைப் பிரித்தால் வெட்டி, வேர். இதில் 'வெட்டி' பலருக்கு இடறும். வெட்டிப் பேச்சு, வெட்டி ஆபீசர் என்கிறோமே, அந்த வெட்டியா? இல்லை. வெட்டு என்றதும் அரிவாள்தான் கண்ணில் தெரியும், ஆனால் நாம் கிணறும் வெட்டுகிறோம், குளமும் வாய்க்காலும் வெட்டுகிறோம். அங்கெல்லாம் வெட்டு என்றால் தோண்டு. தோண்டுகிற கருவிக்கே மண்வெட்டி என்றுதான் பெயர். அப்படி மண்ணைத் தோண்டி எடுக்கிற வேர் வெட்டிவேர். தெலுங்கில் இதையே வட்டிவேரு என்பார்கள். 'வட்டி' என்றால் அங்கே வெறும், உலர்ந்த என்று பொருள், ஆகவே உலர்ந்த வேர் என்று கொள்ளவும் இடம் உண்டு. என் கட்சி மண்வெட்டிப் பக்கம். அறுவடையைப் பார்த்தவர்கள் இதில் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மேலே பார்த்தால் இடுப்பைத் தாண்டி வளர்ந்த சாதாரணப் புல். தாளைக் கசக்கி மோந்தால் சொல்லும்படியான மணம் எதுவும் இராது. சரக்கு முழுக்க மண்ணுக்கடியில்தான். மற்றப் புற்களின் வேர் பக்கவாட்டில் படரும். இதன் வேரோ நேர் கீழே இறங்கும், மண் இடம் கொடுத்தால் 3, 4 மீட்டர் வரைக்கும். நட்டு ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ கழித்துத் தாளை அறுத்துவிட்டுத் தூரைச் சுற்றித் தோண்டுவார்கள். கடலூர்ப் பக்கத்துக் கடலோர மணலில் இதைப் பயிர் செய்வதற்குக் காரணமே இந்த வேலைதான். களிமண்ணாக இருந்தால் வேர் பாதியில் அறுந்துவிடும். இப்போது பல இடங்களில் மண்வெட்டிக்குப் பதில் பொக்லைன் வந்துவிட்டது. மண்ணை உதறி, அலசி, நிழலில் உலர்த்தினால் சரக்கு தயார். அறுத்த தூரைப் பிரித்து மறுபடி நட்டுவிடுவார்கள், விதைக்கு வேலையே இல்லை.

இந்த 'விதை இல்லை' என்பது சின்ன விஷயமல்ல. வடஇந்தியாவில் காட்டுப்புல்லாக வளரும் வகை பூத்து விதை கட்டும். தென்னிந்தியாவில் தூர் பிரித்து நட்டு வந்த வகை அநேகமாக விதை கட்டாது. தெற்காசியாவுக்கு வெளியே உலகமெங்கும் பயிராகிற வெட்டிவேரின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அதில் பெரும்பகுதி ஒரே தூரின் வம்சம் போல இருந்தது, அதுவும் இந்தத் தென்னிந்திய வகையைச் சேர்ந்தது. ஆக, போனது சொல் மட்டுமல்ல, செடியும் கப்பலேறியிருக்கிறது.

சொல் போன வழியில் பிரெஞ்சுக்காரர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கு இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவு இருந்தது, அப்போது அதற்கு பூர்போன் என்று பெயர். நம் பக்கம் புதுச்சேரி இருந்தது. இரண்டுக்கும் இடையில் ஆளும் சரக்கும் போய்வந்தபடி இருந்தன. வாசனைத் தொழிலில் இன்றைக்கும் 'பூர்போன் வெட்டிவேர்' என்றால் தனி மதிப்பு. பிரெஞ்சுக்காரர் வாயில் இந்தச் சொல் 'வெதிவேர்' என்று வரும். ட போய்விட்டது, வேர் பிழைத்துக்கொண்டது. ஆங்கிலத்தில்தான் வேரும் 'வர்' ஆயிற்று. எண்ணெய் வியாபாரிகள் சிலர் கடைசியில் ஒரு 'ட்' வேறு சேர்த்து எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் பிரெஞ்சுக் கண்ணுக்குக் கடைசிப் பாதி 'பச்சை' என்று தெரியும். மண்ணுக்குள் கிடக்கும் வேருக்கு ஏது பச்சை? அமெரிக்காவின் லூசியானாவில், பிரெஞ்சு வழி வந்த குடும்பங்கள் இந்த வேரைக் கட்டாகக் கட்டித் துணி அலமாரிக்குள் வைப்பது பழைய வழக்கம். நம் ஆச்சிமார் பட்டுச் சேலைப் பெட்டியில் வைத்த அதே வேர்தான்.

தாவரவியல் நூலுக்குள்ளும் சொல் நுழைந்தது. 1771-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தப் புல்லுக்குப் பெயர் வைத்தபோது வெட்டிவேர் அதில் இல்லை. 1822-இல் 'வெட்டிவேரியா' என்று தனிப் பேரினமே உண்டாயிற்று. நெடுங்காலம் அப்படியே இருந்தது. பிறகு வகைப்பாட்டை மாற்றினார்கள், இப்போது இது கிரைசோபோகன் பேரினத்தில் இருக்கிறது. கிரேக்கத்தில் பொன்தாடி என்று அர்த்தமாம். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் வேதியியல் நம்மைக் கைவிடவில்லை. இந்த எண்ணெயின் மணத்துக்குக் காரணமான பொருள்களில் இரண்டுக்கு ஆல்ஃபா வெட்டிவோன், பீட்டா வெட்டிவோன் என்று பெயர். இன்னொன்று குசிமால், அது இந்திக்காரர்களின் 'கஸ்' என்ற பெயரிலிருந்து வந்தது. ஒரே எண்ணெய்க்குள் தமிழும் இந்தியும் சண்டை போடாமல் இருக்கின்றன.

இன்று உலகச் சந்தைக்கு அதிகமாக எண்ணெய் அனுப்புவது கரிபியன் கடலில் இருக்கும் ஹைத்தி, அதுவும் நாட்டின் தெற்கே லே காய் நகரைச் சுற்றிய மலைச்சரிவுகள். இந்தோனேசியாவில் மேற்கு ஜாவாவின் காரூட் பகுதியிலும் விளைகிறது. அங்கே இதற்கு 'ஆக்கார் வாங்கி' என்று பெயர், மணமுள்ள வேர் என்று அர்த்தம். ஹைத்தியில் ஒரு விபரீதமும் உண்டு. வெட்டிவேரைக் கரையிலும் வரப்பிலும் வரிசையாக நட்டால் மழைநீர் மண்ணை அடித்துக்கொண்டு போகாது. 1980களில் உலக வங்கி ஆட்கள் இந்தியாவில் இதைப் பெரிதாகப் பரப்பினார்கள். ஆனால் எண்ணெய்க்காகத் தோண்டும்போது, அதுவும் செங்குத்தான சரிவில் தோண்டும்போது, அதே மண் இளகி மழையோடு போய்விடுகிறது. நட்டு விட்டால் கரைக்குக் காவல், வெட்டி எடுத்தால் கைக்குக் காசு. இரண்டும் ஒன்றாகக் கிடைப்பதில்லை.

எண்ணெய் எடுப்பது பொறுமை வேண்டிய வேலை. வேரை நறுக்கி, நீராவியில் பல மணி நேரம், சில இடங்களில் ஒரு முழு நாள் கூட, வேகவிட வேண்டும். 100 கிலோ வேருக்கு ஏறத்தாழ ஒன்றிரண்டு கிலோ எண்ணெய் தேறினால் நல்ல பாடு. தேன் போலக் கெட்டியாக, பழுப்பாக இருக்கும். குப்பியைக் கவிழ்த்தால் சொட்டு விழுவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். வாசனைத் திரவியக்காரர்கள் இதைத் தேடி வருவதும் இந்த மந்தத்துக்காகத்தான். எலுமிச்சை மணம் பூசிய சில நிமிஷத்தில் பறந்துவிடும், பூமணம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். வெட்டிவேரின் மூலக்கூறுகள் கனமானவை, மெதுவாகத்தான் ஆவியாகும். தான் தங்குவதோடு, ஓடப் பார்க்கிற மற்ற மணங்களையும் கொஞ்சம் பிடித்து வைக்கும். தொழிலில் இதை அடிமணம் என்று சொல்லலாம், வேருக்குப் பொருத்தமான பெயர்தான். பாரீசில் கார்வன் நிறுவனம் 1957-இல் வெட்டிவேர் பெயரிலேயே ஆண்களுக்கான வாசனைத் திரவியம் ஒன்றைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளுக்குள் கெர்லானும் ஒன்று போட்டது. அதற்குப் பிறகு மேற்கே ஆண்கள் வாசனை என்றால் இந்த மண்மணம் இல்லாமல் இராது என்றாகிவிட்டது.

உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜில் வேறு மாதிரி. அங்கே காட்டுவகை வேரைச் செப்புப் பாத்திரத்தில் போட்டு, சாண வரட்டியும் விறகும் எரித்து வடிக்கிறார்கள். அதற்கு 'ரூஹ் கஸ்' என்று பெயர். ரூஹ் என்றால் உயிர். செம்பு பட்டதால் எண்ணெய் பச்சை சாயலில் இருக்கும். வடக்கே கஸ் வேரைத் தட்டியாகப் பின்னி, வாசலில் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிப்பது அக்பர் காலத்திலேயே இருந்தது. அபுல் ஃபசல் எழுதிய ஆயினி அக்பரியில் அது வருகிறது.

சரி, தமிழில் இதற்கு வெட்டிவேர் ஒன்றுதானா பெயர்? இங்கேதான் கொஞ்சம் சிக்கல். அகராதியைத் திறந்தால் இலாமிச்சை, இலாமிச்சம் என்று இருக்கும். வடமொழியில் லாமஜ்ஜகம், கன்னடத்தில் லாவஞ்ச, மலையாளத்தில் ராமச்சம், எல்லாம் ஒரே சொல்லின் சாயல்கள். சிலப்பதிகாரத்தில் மாதவி முப்பத்திரண்டு வகை ஓமாலிகை, அதாவது மணப்பொருள், ஊறிய நீரில் குளிப்பாள். உரைகாரர் அந்த முப்பத்திரண்டையும் பட்டியல் போடும்போது நன்னாரியோடு இலாமிச்சத்தையும் சொல்கிறார். ஆக, குளியலில் இலாமிச்சம் பழைய ஆள்.

ஆனால் நாட்டு மருந்துக் கடையில் போய்க் கேளுங்கள். "வெட்டிவேரா, விலாமிச்சை வேரா?" என்று திருப்பிக் கேட்பார் கடைக்காரர். கேரளத்தில் ராமச்சம் என்றால் வெட்டிவேரேதான். நம்மூர்க் கடையில் விலாமிச்சை என்ற பேரில் வேறொரு செடியின் வேரும் விற்கிறது. அது புல்லே அல்ல. துளசி, கற்பூரவல்லி குடும்பத்துச் செடி. அதன் தாவரவியல் பெயரில் 'வெட்டிவெராய்டிஸ்' என்று வரும், வெட்டிவேர் போன்றது என்று பொருள். உண்மையான வெட்டிவேரின் பெயரிலிருந்து வெட்டிவேர் போய்விட்டது, அதைப் போன்ற செடியின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது! ஆகவே வெட்டிவேர் என்று சொல்ல வேண்டிய இடத்தில் இலக்கியச் சுவைக்காக இலாமிச்சை என்று போடாமல் இருப்பது நல்லது. படிப்பவர் கடைக்குப் போனால் வேறு வேரோடு திரும்புவார்.

விழல் என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருள்களிலும் வெட்டிவேர்ப் புல் உண்டு. விழலுக்கு இறைத்த நீர் என்கிறோம். வெட்டி என்றாலும் வீண், விழல் என்றாலும் வீண். பாவம், இந்தப் புல்லுக்கு நம் பேச்சில் வாய்த்தது அப்படி. சித்த மருத்துவ ஏடுகளில் வருகிற உசீரமும் வெட்டிவேர்தான், வடமொழிப் பெயர்.

இன்னொரு பொறி கசகசா. கஸ் வேரை ஆங்கிலேயர் 'கஸ்கஸ்' என்றும் எழுதினார்கள். இந்தியில் கஸ்கஸ் என்றால் பாயசத்தில் போடும் கசகசா. ஒரு சமையல் குறிப்பில் 'கசகசா சர்பத்' என்று பார்த்து, இது என்ன புதுப் பண்டம் என்று யோசித்தேன். படத்தில் இருந்தது பச்சை நிற வெட்டிவேர் சர்பத். அந்தப் பச்சையும் சாயம்தான். வேரை ஊறவைத்த தண்ணீர் லேசாக மஞ்சளிக்குமே தவிர, கிளிப்பச்சை ஆகாது.

குப்பியில் மிச்சமிருப்பது 'எசென்ஷியல் ஆயில்'. இதை 'அத்தியாவசிய எண்ணெய்' என்று மொழிபெயர்த்து விற்கிறார்கள். ரேஷன் கடைப் பாமாயில் மாதிரி ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'எசென்ஸ்' என்பதிலிருந்து வந்தது, சாரம் என்று பொருள். அது இல்லாமல் வாழ முடியாது என்ற அவசியம் எதுவும் அதில் இல்லை. நறுமண எண்ணெய் என்றால் எல்லோருக்கும் விளங்கும். சார எண்ணெய் என்றால் மூலத்துக்கு நெருக்கம். சித்த மருத்துவத்தில் வடிக்கிற கருவிக்கு வாலை என்றும், வடிந்து வருகிற நீருக்குத் தீநீர் என்றும் சொல் உண்டு, ஓமத் தீநீர் அப்படி வந்ததுதான். எண்ணெயோடு கூட இறங்கும் மணநீரை 'ஹைட்ரோசால்' என்று விற்கிறார்கள். அதை வெட்டிவேர்த் தீநீர் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? குப்பி மேல் 'வெட்டிவேர் நறுமண எண்ணெய்' என்று போட்டால் போதும். ஒட்டுக்குறி எழுதுபவர்கள் கேட்டால்தானே.

இவ்வளவையும் அவளுக்கு எழுதி, பானையில் அந்த எண்ணெயை ஊற்றி வைக்காதே, அது குடிக்கிற சரக்கு இல்லை, கடையில் வேர் வாங்கி அலசி, மெல்லிய துணியில் முடிந்து போடு என்றும் சேர்த்திருந்தேன். நேற்று இன்னொரு படம் வந்தது. செய்தித்தாளில் மடித்த பொட்டலம் இரண்டு.

"கடைக்காரர் அதே கேள்வியக் கேட்டார் சித்தப்பா. பதட்டத்துல ரெண்டையும் வாங்கிட்டேன். எதைப் பானைல போட?"

மறுபடியும் மோந்து பார்க்கத்தான் சொன்னேன்.