கொல்லிமலைக்குப் போய் வந்த பை

டம்ளரைப் பிடித்தால் பிடித்ததே தெரியவில்லை என்றுதான் அந்தத் தம்பி வந்தார். பொங்கல் லீவு முடிந்த வாரம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது என் பிசியோதெரபி கிளினிக்.

"வலின்னு பெருசா இல்ல மேடம். வலது கை பூரா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. தோளுக்கு மேல தூக்க முடியல."

எங்கேயும் விழவில்லை, ஜிம் பக்கமும் போகவில்லை. நண்பர்களோடு கொல்லிமலையில் இரண்டு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கியிருக்கிறார். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேலே படி. "எங்க வைக்கிறது மேடம், யாராவது தூக்கிட்டா?" என்று முதுகுப் பையோடே இறங்கி, அதோடே ஏறியிருக்கிறார்.

கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கொத்து காறை எலும்புக்கு அடியில் போகிறது. பையின் வார் மணிக்கணக்கில் அந்த இடத்தை அழுத்தினால் கை மரத்துப்போகும், பலம் குறையும். சிலருக்குத் தோள்பட்டை எலும்பு முதுகில் இறக்கை மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். 'ரக்சாக் பால்சி' என்று இதற்குப் பெயரே உண்டு. மூட்டை சுமந்து நடக்கும் ராணுவ வீரர்களிடம் அதிகம் பார்த்தது. பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் ஆகும். தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். இந்தத் தம்பிக்குக் கை பழையபடி ஆக இரண்டு மாதம் பிடித்தது.

அடுத்த முறை வரும்போது, போனபோது கட்டிய மாதிரியே பையைக் கட்டி எடுத்து வரச் சொன்னேன். பையோடு எடை மெஷினில் ஏறினார்: 75.4. இறக்கி வைத்துவிட்டு ஏறினார்: 58. அப்படியானால் பை மட்டும் 17.4 கிலோ. இரண்டு மூன்று நாள் சுமந்து நடக்கும் பை உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பொதுக்கணக்கு. அவருக்கு அது 11.6 கிலோ.

பெட்டின் மேல் எல்லாவற்றையும் பரப்பினோம். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் மூன்று. அதுவே ஆறு கிலோ. போய்த் தங்கிய இடத்திலோ குழாய் இருந்திருக்கிறது. இரண்டு ஜீன்ஸ், போர்வை கனத்துக்கு ஒரு டர்க்கி டவல், எவர்சில்வர் டப்பா நிறைய முறுக்கு, நாலு பேர் படுக்கும் டென்ட் முழுசும் இவர் ஒருத்தர் முதுகிலேயே. மாத்திரை? இல்லை. டார்ச்? "போன்ல இருக்கே மேடம்."

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்த விடியற்காலையில் எங்கள் தெருவில் யார் கையிலும் ஒரு பைக்கு மேல் இல்லை. ரேஷன் கார்டு, பத்திரம், மாத்திரை, டார்ச், மாற்றுத் துணி ஒன்று. மூட்டை கட்டத் தெரியாத ஊரா இது?

தம்பியின் பையில் செய்த மாற்றங்கள் இவை. ஜீன்ஸ் இரண்டும் போயிற்று. நனைந்தால் லேசில் காயாது. டவலுக்குப் பதில் குறிஞ்சிப்பாடி கைலி ஒன்று: துவட்டிக்கொள்ள, போர்த்திக்கொள்ள, துணி மாற்ற மறைப்புக்கு. தண்ணீர் அடுத்த குழாய் வரைக்கும் போதுமான அளவு; அவர் போகும் வழிக்கு ஒரு லிட்டர். குழாய் இல்லாத காட்டுவழிக்கு இந்தக் கணக்கு ஆகாது, அங்கே தண்ணீரைக் குறைக்காதீர்கள். டென்ட்டைக் கம்பி ஒருவர், துணி ஒருவர் என்று பிரித்துக்கொள்ளச் சொன்னேன். நண்பர் கொண்டு வரும் கேஸ் அடுப்பும் வேண்டாம்; காப்புக்காட்டில் நெருப்பு மூட்டுவது குற்றம், 2018 மார்ச்சில் குரங்கணி மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். புதிதாகச் சேர்த்தது மாத்திரை, சின்ன டார்ச், நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஒரு பாக்கெட் இருபது கிராம் சொச்சம்தான்.

எடையைக் குறைத்தால் மட்டும் போதாது, அடுக்குவதிலும் இருக்கிறது. தேவனாம்பட்டினத்திலிருந்து மீன்கூடை சுமந்து வரும் அக்காக்களைப் பாருங்கள். சும்மாடு வைத்து, பாரம் முதுகெலும்புக்கு நேர் மேலே நிற்கும்படி நடப்பார்கள். (அவர்கள் கழுத்து படும் பாடு வேறு கதை, அதற்கும் என்னிடம்தான் வருகிறார்கள்.) முதுகுப் பையிலும் கனமான சாமான் முதுகை ஒட்டி, நடு உயரத்தில் இருக்க வேண்டும். படுக்கை அடியில், லேசான துணி மேலே. கனம் வெளிப்பக்கம் போனால் பை பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் வளைவீர்கள், ராத்திரி இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

மாட்டும்போது இடுப்புப் பட்டையை முதலில் இறுக்குங்கள். அது வயிற்றில் நிற்கக்கூடாது, இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். தோள் வார் அதற்கப்புறம். பாரத்தில் பெரும்பங்கை இடுப்புதான் தாங்க வேண்டும். தம்பியின் பையில் இடுப்புப் பட்டையே கிடையாது, விலை குறைவு என்று ஆன்லைனில் வாங்கியது. முதல் செலவாக அதை மாற்றச் சொன்னேன். புதுப் பையைக் கட்டிக்கொண்டு சில்வர் பீச் மணலில் அரைமணி நேரம் நடந்து பார்க்கவும் சொன்னேன். எந்த வார் உறுத்தும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஆடியில் மறுபடியும் கிளம்பினார். முதல் நாள் சாயங்காலம் கிளினிக்கில் எடை போட்டபோது 9.7. மறுநாள் விடியற்காலை பஸ் ஸ்டாண்டிலிருந்து போன்: "மேடம், பை கொஞ்சம் கனக்குது. தொறந்து பாத்தா அம்மா முறுக்கு டப்பாவ உள்ள வச்சிருக்காங்க."

டப்பா ஒரு கிலோ. கூட்டினால் 10.7. எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன்.