கடாஸ்டர்: புலப்படமும் பதிவேடும்

பல்கலைக்கழகத்தில் புவித்தகவல் முறைமை (வரைபடங்களைக் கணினியில் அடுக்கடுக்காக வைத்து ஆராயும் GIS) படிக்கத் தொடங்கும் மாணவர் சீக்கிரமே 'கடாஸ்ட்ரல் அடுக்கு' என்ற தொடரைச் சந்திப்பார். ஒவ்வொரு நிலத்துண்டின் எல்லையையும் மூடிய பலகோணமாக வரைந்து, உரிமையாளர், பரப்பு, நில வகை ஆகியவற்றை அதனோடு இணைத்த அடுக்கு அது. கடாஸ்டர் என்பது அந்த நிலப் பதிவு முழுவதற்கும் பெயர்.

தலைவரி ஏட்டைக் குறித்த லத்தீன் சொல்லே இதன் மூலம் என்று முன்பு கருதினார்கள். 'கட்டாஸ்திகோன்' என்ற கிரேக்கச் சொல்லையே இப்போது மூலமாகக் கொள்கிறார்கள். வரி வரியாக எழுதிய பட்டியல் என்பது அதன் பொருள். (எழுத்தின் வரிக்கும் அரசின் வரிக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது இங்கே அழகாகப் பொருந்துகிறது.) அச்சொல் இத்தாலியில் 'கட்டாஸ்தோ' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1427-இல் ஃபிளாரன்ஸ் நகர அரசு எடுத்த கட்டாஸ்தோவில் வரைபடமே கிடையாது. குடும்பங்கள் தங்கள் சொத்தைத் தாங்களே எழுதிக் கொடுத்தன. பிரான்சின் ஒவ்வொரு நிலத்துண்டையும் அளந்து வரையும் பெரும்பணி நெப்போலியன் ஆட்சியில், 1807-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது. ஆக, பட்டியல்தான் மூத்தது. படம் பின்னால் வந்து சேர்ந்தது.

நம் கல்வெட்டுகளிலும் பட்டியல் உண்டு. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகள் ஓர் ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லிவிட்டு, ஊர் நத்தம் (மக்கள் குடியிருக்கும் நிலம்), கோயில்கள், குளங்கள், ஊடே செல்லும் வாய்க்கால்கள், சுடுகாடு ஆகியவற்றை இறையிலி, அதாவது வரியற்றவை, என்று கழித்து, மிச்சத்துக்கு மட்டும் வரி கணக்கிடுகின்றன. அந்த 'நத்தம்' இன்றும் வருவாய்த்துறை ஏட்டில் அதே பெயரில் இருக்கிறது!

எனவே 'கடாஸ்ட்ரல்' என்று ஒலிபெயர்த்து எழுத வேண்டிய தேவையே இல்லை. தமிழ்நாட்டு வருவாய்த்துறையில் புலப்படம், அ-பதிவேடு, புல எண், உட்பிரிவு எல்லாம் அன்றாடச் சொற்கள். புலப்படம் எல்லையைக் காட்டும். அ-பதிவேடு விவரத்தைச் சொல்லும். இரண்டையும் கோப்பது புல எண். பலகோணத்தையும் அதன் விவரங்கள் அடங்கிய பண்பு அட்டவணையையும் ஒரு பொது எண்ணால் இணைப்பது என்று வகுப்பில் கற்பிப்பதும் இதைத்தான். ஆகவே கடாஸ்டருக்கு 'நிலப் பதிவேடு', கடாஸ்ட்ரல் அடுக்குக்குப் 'புல அடுக்கு' என்பன என் பரிந்துரை. 'நில வரைபடம்' போதாது. அதில் பட்டியல் விடுபட்டுப்போகிறது.

புல அடுக்கு உருவாக்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புலப்படத்தில் அளவெடுக்க அடிப்படையாகக் கொண்ட அடிக்கோடும், அதிலிருந்து செங்குத்தாக எடுத்த அளவுகளும் மீட்டரில் இருக்கும். அட்சரேகை, தீர்க்கரேகை இருக்காது. தனித்தனியாக வரைந்த புலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சில இடங்களில் இடைவெளி விழும், சில இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். களத்தில் எல்லைக்கற்களின் இருப்பிடத்தை அளந்து வந்து பொருத்திய பிறகே அவை ஓர் அடுக்காகும்.