படர்தாமரைக்கு ஆன்டிபயாடிக் ஏன் கேட்காது?

தொடையிலும் இடுப்பிலும் படர்தாமரையோடு என்னிடம் வருகிறவர்களில் பலர், அதற்கு முன்பே மெடிக்கலில் கேட்டு அமாக்ஸிசிலினோ அசித்ரோமைசினோ வாங்கிப் போட்டிருப்பார்கள். "பவர் மாத்திரை போட்டும் கேட்கல டாக்டர்" என்பார்கள். பவர் போதாமல் இல்லை, அந்த மாத்திரைக்கு அங்கே வேலையே கிடையாது.

பாக்டீரியாவின் செல் எளிமையானது. டிஎன்ஏவைச் சுற்றி உட்கருச் சவ்வு இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. யூகேரியோட்டிக் செல்லில் டிஎன்ஏ உட்கருவுக்குள் இருக்கும். ஆற்றலுக்கு மைட்டோகாண்ட்ரியா, புரதங்களைப் பக்குவப்படுத்தி அனுப்ப எண்டோபிளாச வலையும் கோல்கை உறுப்பும் என ஒவ்வொரு வேலைக்கும் சவ்வு சூழ்ந்த தனி இடம் உண்டு. நம் செல் இந்த வகை. படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சையும் இதே வகைதான், சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

அமாக்ஸிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும், பூஞ்சையின் சுவரோ கைட்டினாலும் குளுக்கனாலும் ஆனது. அசித்ரோமைசின் பாக்டீரியாவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் போய் ஒட்டும், அது 70எஸ் என்ற வகை. பூஞ்சையின் சைட்டோபிளாசத்தில் இருப்பது நமக்கு இருப்பது போலவே 80எஸ் என்ற வேறு வகை. (மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் ரைபோசோம் மட்டும் பாக்டீரியாவினுடையதை ஒத்திருக்கும், ஏனென்றால் மைட்டோகாண்ட்ரியாவே ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்து உள்ளே வந்து தங்கியதுதான்.)

அப்படியானால் நம்மை விட்டுவிட்டுப் பூஞ்சையை மட்டும் எப்படி அடிப்பது? நம் செல்சவ்வில் கொலஸ்ட்ரால், பூஞ்சையின் சவ்வில் அதற்குப் பதிலாக எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு. பூஞ்சை மருந்துகளான டெர்பினாஃபைன், இட்ராகோனசோல் இரண்டும் அந்த எர்கோஸ்டெரால் உருவாவதைத்தான் தடுக்கின்றன. இப்படிப் பிடித்து அடிக்கக் கிடைக்கும் வித்தியாசங்கள் குறைவு என்பதால் மருந்துகளும் குறைவு, இந்தியாவில் டெர்பினாஃபைனுக்கு அடங்காத பூஞ்சைகளும் இப்போது பரவிவிட்டன. இட்ராகோனசோல் சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடு சேரவே கூடாது, அதனால் வேறு என்ன மாத்திரை சாப்பிட்டாலும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது ஸ்டீராய்டு கலந்த ஆயின்மென்ட்தான். குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டைப் பூசினால் அரிப்பு சீக்கிரம் அடங்கும், சிவப்பும் மங்கும், ஆனால் அந்த இடத்தில் எதிர்ப்புச் சக்தி அடங்கிப் போவதால் பூஞ்சை நிம்மதியாகப் பரவும், வட்டத்தின் ஓரம் கலைந்து நோயைக் கண்டுபிடிப்பதே கஷ்டமாகிவிடும். அப்புறம் தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழுந்தால் அது மறையாது.

வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள், இதுவரை பூசிய டியூப்களையும் அட்டையோடு கொண்டு வாருங்கள்.