ஒட்டிக்கொண்டு வருகிறவருக்குக் கிடைப்பது ஒன்றரை வினாடி

பின்னால் ஒரு வண்டி முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். கண்ணாடியில் பார்த்தால் அதன் ஹெட்லைட்கூடத் தெரியாது, ஓட்டுகிறவர் முகம்தான் தெரியும். இத்தனை நெருக்கத்தால் அவருக்கு என்ன லாபம் என்று கணக்குப் போட்டால் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 22 மீட்டர். 44 மீட்டர் இடைவெளி விட்டு வருகிறவர் முன்வண்டிக்கு 2 வினாடி பின்னால் வருகிறார். 10 மீட்டரில் ஒட்டி வருகிறவர் அரை வினாடி பின்னால். முன்வண்டியைத் தாண்ட முடியாத வரை, எத்தனை தூரம் போனாலும் இரண்டு பேருக்கும் இடையே வித்தியாசம் ஒன்றரை வினாடிதான்.

அந்த ஒன்றரை வினாடிதான் அவருடைய மூளைக்குத் தேவைப்படுகிறது. முன்வண்டியின் சிவப்பு பிரேக் விளக்கைக் கண் பார்க்க வேண்டும், அது லேசான பிரேக்கா அவசர பிரேக்கா என்று புரிய வேண்டும், கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு பிரேக்குக்குப் போக வேண்டும். எதிர்பாராத நேரத்தில் இதற்கெல்லாம் சுமார் ஒன்றரை வினாடி ஆகிவிடும். அதுவரை வண்டி முழு வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கும்.

சரி, முன்வண்டி திடீரென்று முழு பிரேக் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த சாலை, நல்ல டயர் என்றால் அதன் வேகம் வினாடிக்கு 25 கிலோமீட்டர் வீதம் குறையும். ஒன்றரை வினாடியில் அது 42-க்கு இறங்கிவிடும். பின்னால் வருகிறவர் இன்னும் 80-லேயே இருப்பார். 10 மீட்டரில் 8 மீட்டர் ஏற்கெனவே போய்விட்டது. அவர் கால் பிரேக்கைத் தொட்ட பிறகு மிச்சம் 2 மீட்டரும் கால் வினாடிக்குள் தீர்ந்துபோய், 38 கிலோமீட்டர் வேக வித்தியாசத்தில் போய் மோதுவார். ‘என் பிரேக் பக்கா, நான் கவனமாகத்தான் ஓட்டுகிறேன்’ என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். பிரேக் வேலை செய்யவே அங்கே இடமில்லை.

பிறகு ஏன் அவருக்குப் பயம் வருவதில்லை? எதிரே இருக்கும் பொருள் கண்ணுக்குள் பெரிதாகிக்கொண்டே வந்தால்தான் மூளை ஆபத்து என்று அலறும். ஒரே இடைவெளியில் ஒரே வேகத்தில் போகும்போது முன்வண்டியின் உருவம் அப்படியே நிற்கிறது. அதனால் மணிக்கணக்கில் ஆபத்திலேயே போனாலும் உள்ளே எந்த மணியும் அடிப்பதில்லை.

இன்னொன்று, நெரிசலை வளர்ப்பதும் இந்த நெருக்கம்தான். 2008-இல் யூகி சுகியாமா குழுவினர் ஜப்பானில் செய்த சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஓடவிட்டார்கள். குழியில்லை, சிக்னல் இல்லை. ஒருவர் லேசாகத் தயங்க, அடுத்தவர் இன்னும் கொஞ்சம் அழுத்த, கார்கள் தானாகவே நின்று நின்று நகர ஆரம்பித்துவிட்டன. இடைவெளி இருந்திருந்தால் அந்தச் சின்னத் தயக்கம் அதிலேயே கரைந்திருக்கும்.

நம் பின்னால் ஒருவர் ஒட்டி வரும்போது, மிரட்டுவதற்காக பிரேக்கைத் தட்டுவது மட்டும் கூடவே கூடாது. மேலே பார்த்த மோதல் அப்போது நம் பின் இருக்கையில்தான் வந்து விழும். மாறாக, நமக்கு முன்னால் உள்ள இடைவெளியை 4 வினாடியாக்கிவிடலாம். முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும், நாம் அதே கம்பத்தை அடையும் வரை ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று எண்ணினால் வினாடி தெரிந்துவிடும். அவ்வளவு இடம் இருந்தால் பெரும்பாலும் நாம் முழு பிரேக் போட வேண்டி வராது. வினாடிக்கு 7 கிலோமீட்டர் வீதம் மெதுவாகக் குறைத்தால், அவர் சுதாரிக்கும் ஒன்றரை வினாடியில் 10 மீட்டரில் 2 மீட்டருக்குச் சற்று மேல்தான் குறையும், கிட்டத்தட்ட 8 மீட்டர் அவருக்கு மிஞ்சும். அப்புறம் இடம் கிடைத்ததும் ஒதுங்கி அவரை முன்னால் போகவிட்டு, மறுபடியும் நமக்கான 2 வினாடியை எண்ணிக்கொள்ள வேண்டும். மழையென்றால் அதுவும் 4.