60 எம்.பி. லினக்ஸும் அதை ஏமாற்றும் பிராசசரும்

அல்பைன் என்பது எடை குறைந்த ஒரு லினக்ஸ். அதில் விர்ச்சுவல் மெஷினுக்கென்றே, அதாவது கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினிக்கென்றே, தனியாக ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் (நிறுவல் டிஸ்கின் நகல்) தருகிறார்கள். அளவு 60 எம்.பி. சொச்சம். போனில் எடுக்கிற ஒரு நிமிட வீடியோகூட அதைவிடப் பெரிதாக இருக்கும். அதை இறக்கி, 256 எம்.பி. ரேம், 1 ஜி.பி. டிஸ்க் என்று ஒரு விர்ச்சுவல் மெஷின் உருவாக்கி ஓடவிட்டால் சில நொடிகளில் கறுப்புத் திரையில் லாகின் கேட்டு நிற்கும். டிஸ்கில் நிறுவி முடித்தபின் உள்ளே போய் ஃப்ரீ கட்டளை கொடுத்துப் பார்த்தேன், செலவான ரேம் 50 எம்.பி.க்கு அக்கம்பக்கம்தான் காட்டியது. அதே நேரம் வெளியே, அதாவது உண்மையான கணினியில், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களைப் பட்டியலிடும் டாப் கட்டளையை ஓட்டினால் அந்த முழு லினக்ஸும், விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் கியூஎமு என்ற ஒரே ஒரு பிராசஸாகப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. பிரௌசர் ஒரு வரி, பாட்டுப் பாடுகிற செயலி ஒரு வரி, அதற்குக் கீழே ஒரு முழு இயங்குதளம் ஒரு வரி.

இது எப்படி முடிகிறது என்பதுதான் விஷயம். ஏனென்றால் இயங்குதளத்தின் மையமான கர்னல் என்பது சாதாரண புரோகிராம் கிடையாது. மற்ற புரோகிராம்களெல்லாம் ஃபைல் வேண்டும், நினைவகம் வேண்டும் என்று கர்னலிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும், கர்னல் யாரையும் கேட்காது. இன்டரப்டை (வன்பொருள் இடைமறித்துக் கூப்பிடும் அழைப்பை) நிறுத்தும், பேஜ் டேபிளை (நினைவக முகவரிகளின் வரைபடத்தை) மாற்றும், டிஸ்கோடும் நெட்வொர்க் கார்டோடும் நேரடியாகப் பேசும். மொத்தக் கணினியும் தன்னுடையது என்ற நினைப்பிலேயே எழுதப்பட்டது அது. ஏற்கெனவே ஒரு கர்னல் ஆண்டுகொண்டிருக்கும் கணினியில் இப்படி இன்னொன்றை எப்படி உட்கார வைப்பது? ஒரே உறையில் இரண்டு கத்தி.

கேட்டால் பலரும் முதலில் சொல்வது, உள்ளே இருக்கும் லினக்ஸின் ஒவ்வொரு ஆணையையும் வெளியே ஒரு புரோகிராம் படித்துப் படித்து நடித்துக் காட்டுகிறது என்று. அப்படியும் செய்யலாம், ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் வெளியிட்ட கியூஎமு முதலில் அந்த வழியில்தான் வந்தது (ஒவ்வொன்றாக இல்லாமல் துண்டு துண்டாக மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளும், அது வேறு கதை). ஆனால் அது பல மடங்கு மெதுவு. நாம் தினமும் ஓட்டுகிற விர்ச்சுவல் மெஷினில் நடப்பது வேறு: உள்ளே ஒரு கூட்டல் நடந்தால் அந்தக் கூட்டலை உண்மையான பிராசசரே, உண்மையான வேகத்திலேயே, இடையில் யாரும் இல்லாமல் செய்கிறது. நடிப்பு தேவைப்படுவது சில தருணங்களில் மட்டும். அந்தத் தருணங்களை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் இந்தத் துறையின் பாதி வரலாறு இருக்கிறது.

1974இல் போபெக், கோல்ட்பெர்க் என்ற இருவர் இதற்கு ஒரு நிபந்தனையை எழுதி வைத்தார்கள். கணினியின் நிலையை மாற்றுகிற, அல்லது அந்த நிலையை வெளிக்காட்டுகிற ஆணை எதுவாக இருந்தாலும், அதிகாரம் இல்லாத ஒருவர் அதைச் சொன்னால் பிராசசர் உடனே நிறுத்தி மேலே புகார் செய்ய வேண்டும். புகார் வந்தால் மேலே இருப்பவர் சமாளித்துக்கொள்வார். ஐபிஎம்மின் பெருங்கணினிகளில் அதற்கு முன்பே இந்த வித்தை நடந்துகொண்டிருந்தது. நம் மேசைக் கணினிகளின் எக்ஸ்86 குடும்பம்தான் இதில் சொதப்பியது. பாப்எஃப் என்று ஒரு ஆணை, இன்டரப்ட் வேண்டும் அல்லது வேண்டாம் என்று மாற்றக்கூடியது. அதிகாரம் இல்லாதவர் அதை ஓட்டினால் பிராசசர் புகார் சொல்லாது, மாற்றவும் மாற்றாது, ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த ஆணைக்குப் போய்விடும். உள்ளே இருக்கும் கர்னல் இன்டரப்டை நிறுத்திவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருக்கும், வெளியே இருப்பவருக்கு அப்படி ஒரு ஆசை அதற்கு இருந்ததே தெரியாது. இந்த ரகத்தில் 17 ஆணைகள் இருந்ததாக பின்னாளில் கணக்கெடுத்தார்கள்.

1999இல் விஎம்வேர் என்ற நிறுவனம் இதற்கு ஒரு குறுக்கு வழியோடு வந்தது. கர்னலின் ஆணைகளை ஓடுவதற்கு முன்பே படித்து, வம்பு பிடித்தவற்றை மட்டும் மாற்றி எழுதிவிடுவது. அசாத்தியமான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் பிராசசர் செய்திருக்க வேண்டியதை மென்பொருள் தலையில் கட்டிய கதை அது. 2005 இறுதியில் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் பிராசசரையே மாற்றின. கர்னலுக்குரிய எல்லா அதிகாரமும் இருப்பதாகத் தோன்றும், ஆனால் குறிப்பிட்ட சில காரியங்களில் கை வைத்தால் சத்தமில்லாமல் வெளியே தூக்கிப் போடும், அப்படி ஒரு தனி நிலை. 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20இல் கேவிஎம் சேர்ந்தது. அது செய்வதெல்லாம், சுருக்கமாகச் சொன்னால், பிராசசரின் இந்த வசதியைச் சாதாரண புரோகிராம்கள் பயன்படுத்தத் திறந்துவிடுவது. கியூஎமு கேவிஎம்மிடம் ‘ஓட்டு’ என்கிறது, கேவிஎம் உள்ளே நுழைகிறது, உள்ளே இருப்பது எதிலாவது கை வைக்கும்வரை அப்படியே ஓடுகிறது, கை வைத்ததும் வெளியே வந்து, என்ன காரணம் என்று பார்த்து, வேண்டியதைச் செய்து கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே. இந்த வட்டம்தான் விர்ச்சுவல் மெஷின்.

ஒரு வட்டத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். இந்தக் குட்டி லினக்ஸ்களில் பலவற்றைத் திரையே இல்லாமல் சீரியல் போர்ட் (பைட் பைட்டாக அனுப்பும் பழைய இணைப்பு) வழியாக ஓட்டுவது வழக்கம். உள்ளேயிருந்து சீரியல் போர்ட்டுக்கு ‘வணக்கம்’ என்று அனுப்புகிறேன். இந்தச் சொல்லில் யுனிகோடு கணக்குப்படி புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடுகள், யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 21 பைட். உள்ளே இருக்கும் கர்னல் முதல் பைட்டை 1016ஆம் எண் போர்ட்டில் எழுதப் போகிறது, பழைய பிசிக்களில் முதல் சீரியல் சிப்பின் முகவரி அது. எழுதப் போன அந்த நொடியே பிராசசர் அதை அப்படியே உறைய வைத்து வெளியே வந்துவிடும். கேவிஎம் காரணத்தைப் பார்த்து கியூஎமுவிடம் தள்ளும். கியூஎமு அந்தப் பைட்டை வாங்கி, நம் டெர்மினல் ஜன்னலில் போட்டுவிட்டு, ‘சரி, எழுதியாச்சு’ என்று திருப்பி அனுப்பும். உள்ளே இருப்பதைப் பொறுத்தவரை ஒரு சிப்பில் ஒரு எண்ணை எழுதியது, அவ்வளவுதான். அந்த மாதிரிச் சிப்பே என் கணினியில் கிடையாது. அப்புறம் அடுத்த பைட், மறுபடி வெளியே. ஒரு வணக்கத்துக்கு 21 தடவை, நடுநடுவே சிப் தயாரா என்று கர்னல் கேட்டுப் பார்க்கும் தடவைகள் தனி.

இந்த ஒவ்வொரு வெளியேற்றத்துக்கும் செலவு உண்டு. பிராசசர் உள்ளே இருப்பதன் நிலையைச் சேமித்து வெளியே இருப்பதன் நிலையை ஏற்றித் திரும்புவதற்கு ஆயிரம் கிளாக் சுழற்சிகளுக்கு மேல் சாதாரணமாகப் போய்விடும். வணக்கம் சொல்ல அது பரவாயில்லை, ஆனால் நெட்வொர்க் கார்டையும் டிஸ்கையும் இதே பாணியில் நடித்துக் காட்டினால் மூச்சு வாங்கும். அதனால்தான் விர்ட்ஐஓ வந்தது. இதன் பின்னாலுள்ள யோசனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் பாதி நாடகத்தை அது கலைத்துவிடுகிறது. உள்ளே இருக்கும் லினக்ஸுக்கே தெரியும், இது உண்மையான கார்டு இல்லை, நாம் விர்ச்சுவல் மெஷினில் இருக்கிறோம் என்று. அதனால் பழைய சிப்பின் ரெஜிஸ்டர்களையெல்லாம் தட்டிக்கொண்டிருக்காமல், இருவருக்கும் பொதுவான நினைவகத்தில் ஒரு வளைய வரிசையில் வேலைகளைக் குவித்துவிட்டு ஒரே ஒரு தடவை மணியடிக்கிறது. பல பாக்கெட்டுகளுக்கு ஒரு வெளியேற்றம். விர்ச்சுவல் மெஷின் அமைக்கும்போது டிஸ்க், நெட்வொர்க் இரண்டுக்கும் விர்ட்ஐஓ என்று ஒரு தெரிவு இருந்தால் யோசிக்காமல் அதைப் போடுங்கள்.

சரி, கணக்குப் போடும் வேலை முழு வேகம், டிஸ்கும் நெட்வொர்க்கும் ஓரளவு தேறிவிட்டன, அப்படியானால் எதற்கு எடை குறைந்த லினக்ஸைத் தேட வேண்டும், வழக்கமான பெரிய லினக்ஸையே போடலாமே?

காரணம் ரேம். பிராசசரைப் பகிர்வது எளிது, உள்ளே வேலை இல்லாதபோது கர்னல் ஹெச்எல்டி என்று ஒரு ஆணை சொல்லித் தூங்கப் போகும், அதுவும் ஒரு வெளியேற்றம்தான், உடனே வெளியே இருப்பவர் அந்த நேரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார். டிஸ்கும் அப்படியே: 8 ஜி.பி. டிஸ்க் என்று உள்ளே காட்டினாலும் வெளியே இருக்கும் கியூகவ்2 ஃபைல் எழுதிய அளவுக்கு மட்டுமே வளரும் (உள்ளே அழித்தால் தானாகச் சுருங்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்). ரேம் அப்படி இல்லை. உள்ளே இருக்கும் லினக்ஸ் ஒரு முகவரியைக் கேட்டால் அதன் சொந்தப் பேஜ் டேபிள் அதை ‘உள் முகவரி’யாக மாற்றும், அந்த உள் முகவரியை பிராசசர் இரண்டாவது ஒரு டேபிளில் தேடி உண்மையான ரேம் எங்கே என்று கண்டுபிடிக்கும். இரண்டு அடுக்குத் தேடல், நான்கு மட்ட டேபிள்களில் மோசமான பட்சம் ஒரு முகவரிக்கு 24 தடவை நினைவகத்தைத் தொட வேண்டிவரும், இடையில் கேஷ் (முன்பு தேடியதை நினைவில் வைத்திருப்பது) இருப்பதால் தப்பிக்கிறோம். இரண்டாவது டேபிளில் ஒரு பக்கம் (நினைவகத்தின் ஒரு சிறு துண்டு) முதல் தடவை தொடப்படும்போதுதான் வெளியே உண்மையான ரேம் ஒதுக்கப்படும், அதுவரை செலவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த லினக்ஸும் சும்மா கிடக்கும் ரேமைப் பார்த்தால் விடாது, படித்த ஃபைல்களையெல்லாம் அதில் கேஷாகப் போட்டு நிரப்பும். உள்ளே ஃப்ரீ கட்டளை ‘இது வேண்டுமானால் கிடைக்கும்’ என்று காட்டுவது வெளியே இருப்பவருக்குத் தெரியாது, அவர் பார்வையில் அது தொட்ட பக்கம், செலவான பக்கம். பலூன் என்று ஒரு டிரைவர் உண்டு, உள்ளே இருந்துகொண்டு ஊதிப் பெருத்து வேண்டாத பக்கங்களை வெளியே திருப்பிக் கொடுக்கும், ஆனால் அதை யாராவது ஊதச் சொல்ல வேண்டும். ஆக 2 ஜி.பி. கொடுத்தால் சில மணி நேரத்தில் 2 ஜி.பி.யும் போயே போச்சு என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். 4 ஜி.பி. ரேம் உள்ள பழைய மடிக்கணினியில் ஒரு பெரிய லினக்ஸுக்கு 2 ஜி.பி. கொடுத்துவிட்டு, பிரௌசரில் ஒரு தாவலைத் திறக்க முகம் கழுவிவிட்டு வரும் அளவுக்கு நான் காத்திருந்திருக்கிறேன்.

256 எம்.பி.யில் அடங்குகிற லினக்ஸ் என்ன செய்து அடங்குகிறது? அல்பைனில் எல்எஸ் கட்டளை எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள், அது ஒரு புரோகிராமே இல்லை, பிஸிபாக்ஸ் என்ற ஃபைலைக் காட்டும் ஒரு கைகாட்டி. சிபி, எம்வி, கிரெப் எல்லாம் அதே ஃபைலைத்தான் காட்டுகின்றன. எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள் என்று பார்த்து அந்த வேஷத்தைப் போட்டுக்கொள்கிற ஒற்றை புரோகிராம், மொத்தமும் 1 எம்.பி.க்குள். 1990களின் நடுவில் புரூஸ் பெரன்ஸ் டெபியன் லினக்ஸின் நிறுவல் ஃபிளாப்பிக்காக எழுத ஆரம்பித்தது அது. அடுத்தது சி நூலகம், பெரும்பாலான புரோகிராம்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம்: வழக்கமான ஜிலிப்சிக்குப் பதில் சிறிய மஸ்ல். பின்னணிச் சேவைகளைத் தொடங்க சிஸ்டம்டி கிடையாது, ஓப்பன்ஆர்சி. விர்ச்சுவல் மெஷினுக்கான கர்னலில் நிஜ வன்பொருளுக்கான டிரைவர்களில் பெரும்பகுதியைக் கழற்றிவிட்டிருப்பார்கள், உள்ளே யாரும் வைஃபை கார்டைச் செருகப்போவதில்லை.

மஸ்ல் ஒரு நாள் உங்களைக் குழப்பும், இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கிருந்தோ ஒரு புரோகிராமை இறக்கி வைத்திருப்பீர்கள், எல்எஸ்ஸில் பார்த்தால் ஃபைல் கண்முன் இருக்கும், ஓட்டினால் ‘நாட் ஃபவுண்ட்’ என்று சொல்லும். இருக்கிற ஃபைலை இல்லை என்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், காணாமல் போனது அந்த ஃபைல் இல்லை, அதை நினைவகத்தில் ஏற்றிவைக்கும் ஜிலிப்சியின் லோடர். அல்பைனில் அது இல்லை, ஷெல் அதைத் தெளிவாகச் சொல்வதும் இல்லை.

இன்னொன்று, இதில் முழுக்க என் தப்பு. ஐஎஸ்ஓவிலிருந்து கிளம்பும் அல்பைன் டிஸ்கைத் தொடாமல் ரேமிலேயே ஓடும். டைனி கோர் லினக்ஸும் இந்த ரகம்தான். எனக்கு அது தெரியாமல், லாகின் வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து வெப் சர்வர் போட்டு, கான்ஃபிக் எல்லாம் எழுதி, அணைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் வெறும் லாகின். செட்டப்-அல்பைன் என்ற கட்டளையை ஓட்டி, டிஸ்க் எது என்று கேட்கும்போது டிஸ்கைக் காட்டி, முறை எது என்று கேட்கும்போது சிஸ் (sys) என்று சொன்னால்தான் நிலையாக உட்காரும். சில கேள்விகள்தான், இரண்டு நிமிட வேலை.

நிறுவுவதற்கு முன் இரண்டு சங்கதிகள். கணினியின் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருந்தால் மேலே சொன்ன பிராசசர் வித்தை எதுவும் நடக்காது, ஒன்று மறுத்துவிடும் அல்லது மொழிபெயர்த்து ஆமை வேகத்தில் ஓடும். உங்கள் கணினி ஆர்ம் பிராசசரில் ஓடுவதென்றால் எக்ஸ்86க்கான ஐஎஸ்ஓவை எடுக்காதீர்கள், ஏஆர்ச்64 (aarch64) என்று போட்டதை எடுங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் மொழிபெயர்ப்புதான்.

எல்லாம் முடிந்து உள்ளே பவர்ஆஃப் என்று அடித்தால், குட்டி கர்னல் சேவைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, டிஸ்கில் எழுத வேண்டியதை எழுதி, கடைசியாக மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லி ஏசிபிஐ (மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு) போர்ட் ஒன்றில் ஒரு எண்ணை எழுதும். அதற்கும் ஒரு வெளியேற்றம். கியூஎமு அதைப் பார்க்கிறது, துண்டிக்க அதனிடம் மின்சாரம் எதுவும் இல்லை, தன் ஜன்னலை மூடிக்கொண்டு டாப் பட்டியலிலிருந்து இறங்கிவிடுகிறது.